காய்ச்சல் போதவில்லை

நோய்க்கு மருந்து கொடுக்கிற இடம் ஆஸ்பத்திரி என்று கைலாசத்துக்குத் தெரியும். நோய்க்குப் பெயர் கொடுப்பதற்கென்றே காஞ்சிபுரத்தில் மூன்று தளத்தில் ஒரு கட்டடம் இருக்கிறது என்பது தலை நரைக்கிற வரைக்கும் அவருக்குத் தெரியாது. தெரியாமலே மிச்ச நாளையும் ஓட்டியிருப்பார். ஆனால் மகள் துர்காதேவி, வளைகாப்பு முடிந்து, ஏழு மாத வயிற்றோடு மாகறலிலிருந்து பிறந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

வந்த நேரம் ஐப்பசி. கைலாசத்தின் வீடு பெரிய காஞ்சிபுரத்தில், ஏகாம்பரநாதர் கோபுரம் தெரிகிற ஒரு நெசவாளர் தெருவில் இருந்தது. வீட்டுக்கு வீடு தறி, வீட்டுக்கு வீடு முன்னால் கால்வாய். கால்வாய் என்றால் தண்ணீர் ஓடும் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கக்கூடும். அந்தத் தண்ணீர் ஓடி யாரும் பார்த்ததில்லை. அதுவும் ஒரு தெருவாசியாக அங்கேயே குடியிருந்தது. மழை தொடங்கியதும் தெருவுக்குக் காய்ச்சல் வரும். வீடு வீடாகப் போய், விட்டுப்போனவர்களையும் தேடிப் பிடித்து, கார்த்திகை தீபம் பார்த்துவிட்டுத்தான் கிளம்பும். ரேஷன் கடையில் பொங்கல் பரிசு வாங்கியாயிற்றா என்று கேட்கிற குரலில், "உங்க ஊட்ல வந்துட்டுதா?" என்று ஒருவரை ஒருவர் விசாரித்துக்கொள்வார்கள்.

கைலாசமும் வருஷா வருஷம் படுப்பார், நிலவேம்புக் கஷாயம் குடிப்பார், எழுந்து தறியில் உட்காருவார். அதற்காக யாரிடமும் போய் நின்றதில்லை. இந்த வருஷம் வீட்டில் ஒரு வயிற்றுப்பிள்ளைக்காரி இருந்தாள். பக்கத்து வீட்டுப் பொன்னியம்மாள் போர்வையைப் போர்த்திக்கொண்டு படுத்த அன்றைக்கே கைலாசத்தின் மனைவி அம்சவேணி தறியருகே வந்து நின்றுவிட்டாள்.

"அவுங்களக் கடிச்ச கொசு நம்ம ஊட்டுக்கு வர்றதுக்கு பஸ்ஸா புடிக்கப் போவுது? வயித்துல புள்ளைய வெச்சுக்கினு இருக்கறா. போயி கால்வாய அள்ளச் சொல்லுங்க, பொகை போடச் சொல்லுங்க. இல்லினா மம்பட்டிய எடுத்துக் குடுங்க, நானே அள்றேன்."

கைலாசம் கால்வாய் ஆட்களைப் பிடித்துக் கேட்டார். அவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு, "இது காய்ச்சல் கால்வாய்பா. கொரோனாவுக்கு அப்பறம் காய்ச்சல் சம்பந்தப்பட்டது எல்லாம் நோய்நிலை மையத்துல கேட்டுத்தான் தொடணும்" என்று சொல்லி மம்பட்டியோடு போய்விட்டார்கள்.

மாவட்ட நோய்நிலை நிர்ணய மையத்தின் வாசலில், 'நோயை அறிவோம், பெயரால் அறிவோம்' என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. தரைத்தளத்தில் வட்டார நோய்ப் பிரிவு. முதல் மாடியில் கொள்ளைநோய்ப் பிரிவு. இரண்டாம் மாடியில் பெருந்தொற்றுப் பிரிவு. எந்தத் தளத்திலும் ஒரு டாக்டரைக் காணவில்லை. மையத்தின் இயக்குநர் பூவராகவன் பெயருக்கு முன்னால் மட்டும் டாக்டர் என்று போட்டிருந்தது. அது நோய்ப் பெயர்களின் வரலாற்றை ஆராய்ந்து வாங்கியது என்று பின்னால் தெரிந்தது.

தரைத்தள அதிகாரி வரதராஜன் கழுத்தில் மப்ளர் சுற்றியிருந்தார். கைலாசம் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டார்.

"வருஷா வருஷம் வருதா?"

"வருது சார்."

"அப்ப ஒண்ணும் பிரச்சினை இல்ல. இது என்டெமிக். வட்டார நோய். ஒரு ஊர்ல எப்பவும் இருக்கிறது, இருக்க வேண்டிய அளவுல இருக்கிறது." கைலாசத்தின் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே இறங்கி வந்தார். "இப்ப நீங்க கோயிலுக்குப் போறீங்க. சாயங்காலம் ஒரு கூட்டம் இருக்கும். தினம் வர்ற கூட்டம். அதுக்கு யாராவது போலீசைக் கூப்பிடுவாங்களா? மாட்டாங்க. அதுதான் இந்தத் தளம். அதே கோயில்ல ஒருநாள், யாருமே எதிர்பார்க்கல, கூட்டம் வாசலைத் தாண்டி ரோட்டுல நிக்குது. அது எபிடெமிக். கொள்ளைநோய். முதல் மாடி. அத்தி வரதர் வந்தப்ப பார்த்தீங்களே, ஊரு, மாநிலம், நாடு தாண்டி ஜனம் வந்தது. அது பேண்டமிக். இரண்டாவது மாடி."

கைலாசம் அத்தி வரதரைப் பார்க்கப் போய், செருப்பையும் ஒரு மைத்துனரையும் கூட்டத்தில் தொலைத்துவிட்டு, மைத்துனரை மட்டும் திரும்பப் பெற்றவர். அதனால் அவருக்கு இது ஓரளவு புரிந்தது.

"இதுல எது சார் ரொம்ப மோசம்?"

"மோசம்னு ஒரு மாடியே கிடையாதே. எவ்வளவு பரவியிருக்குங்கறதுதான் கணக்கு. எவ்வளவு வலிக்குதுங்கறது கணக்கு இல்ல."

"கூட்டத்துல மாட்டிக்கினவனுக்கு மூணும் ஒண்ணுதானே சார். மூச்சு முட்டுதே."

"முட்டும். ஆனா மூச்சு முட்றது எங்க டிபார்ட்மென்ட் இல்ல" என்றார் வரதராஜன், வருத்தத்தோடுதான்.

"சரிங்க சார், இந்த வட்டார நோய்க்கு நீங்க இன்னா பண்ணுவீங்க?"

"அது இருக்குதுன்னு ஒத்துக்குவோம்." வரதராஜன் மப்ளரை இறுக்கிக்கொண்டார். "எனக்கே நேத்துலேருந்து குளிர் எடுக்குது. நான் யார்கிட்ட போய்ச் சொல்றது? நானும் வட்டாரம்தான்."

முதல் மாடியில் வேறு காற்று அடித்தது. சுவரில் சைரன். ஊழியர்கள் எல்லோரும் பூட்ஸ் போட்டுத் தயாராக உட்கார்ந்திருந்தார்கள். எதற்குத் தயார் என்று கேட்டால், அறிவிப்புக்குத் தயார். மூலையில் கையால் தூக்கிக்கொண்டு போகிற புகை மெஷின் இருந்தது. ஜன்னல் வழியே பின்பக்கம் தெரிந்தது ஒரு காய்ச்சல் வார்டு. வெள்ளை விரிப்பு, கட்டிலுக்குக் கட்டில் கொசுவலை, கதவில் பூட்டு. கைலாசத்துக்கு அதைப் பார்த்ததும் மகளைக் கொண்டுவந்து அங்கேயே படுக்கவைத்துவிடலாமா என்று இருந்தது.

பிரிவின் தலைமை அதிகாரி கலையரசி. விவரம் தெரிந்தவர், வேகமாகப் பேசுகிறவர்.

"கொள்ளைநோய்னா வண்டி, ஆள், புகை, வார்டு எல்லாம் அன்னைக்கே வரும். உங்க தெருவுல எதிர்பார்க்கிற அளவைவிட அதிகமா வரணும், அவ்வளவுதான்."

"எவ்ளோ எதிர்பாக்கறீங்க மேடம்?"

"முந்தின வருஷங்கள்ல எவ்வளவு வந்ததோ அவ்வளவு."

"எல்லார் ஊட்லயும் வந்துச்சு மேடம்."

"அப்ப இந்த வருஷமும் எல்லார் வீட்லயும் வரும்னு எதிர்பார்க்கிறோம்."

"எல்லார் ஊட்லயும் வந்துட்டா?"

"எதிர்பார்த்தபடி வந்திருக்குன்னு அர்த்தம்."

கைலாசம் யோசித்துப் பார்த்தார். "அதுக்கு மேல வர்றதுக்கு ஊடே இல்லியே மேடம்."

"அதுதான் உங்க தெருவோட பலவீனம்" என்றார் கலையரசி. "ஆரம்பத்துல கொஞ்சம் கொஞ்சமா வந்திருந்தா இன்னைக்கு உங்களுக்கு வாய்ப்பு இருந்திருக்கும். ஒரேயடியா வந்து கெடுத்துக்கிட்டீங்க."

மகளின் நிலையைச் சொல்லி, மேஜைமேல் கை வைத்துக் கெஞ்சினார் கைலாசம். கலையரசி கல்நெஞ்சக்காரி இல்லை. ஆள் அனுப்பி வீடு வீடாகக் கணக்கெடுக்கச் சொல்வதாகவும், அதில் ஏதாவது அதிகப்படி தென்பட்டால் தெருவை மாடிக்கு ஏற்றிவிடுவதாகவும் வாக்குக் கொடுத்தார். அதுவரை கால்வாயைத் தொட வேண்டாம், கணக்குக் கலைந்துவிடும் என்றார்.

வழி தவறி இரண்டாம் மாடிக்கும் போனார் கைலாசம். அங்கே ஏசி ஓடியது. காலால் மிதித்தால் சானிடைசர் வரும் கம்பங்கள் வரிசையாக நின்றன. தரையில் இன்னமும் நிற்பதற்கான வட்டங்கள். சுவர் நிறைய உலக வரைபடம். அதன்முன் விமல்ராஜ் என்ற அதிகாரி தனியாக உட்கார்ந்து உலகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அறையின் நடுவில் லாரியில் ஏற்றிப் போகிற அளவுக்கு ஒரு பெரிய புகை மெஷின், பிளாஸ்டிக் உறை கூடப் பிரிக்காமல், ஆயுதபூஜைக்குப் போட்ட மாலையும் சந்தனமும் குங்குமமுமாக நின்றது.

"இத ஒரு அஞ்சு நிமிஷம் எங்க தெருவுக்கு..." என்று ஆரம்பித்தார் கைலாசம்.

"இது உலகத்துக்கானது" என்றார் விமல்ராஜ். "உங்க தெருவுக்குக் குடுத்துட்டு, நாளைக்கு உலகம் வந்து கேட்டா நான் என்ன பதில் சொல்றது?"

கைலாசம் மெஷினைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுக் கீழே இறங்கினார்.

கணக்கெடுக்க வந்த பெண் பெயர் தீபிகா. தெற்கத்திச் சீமையிலிருந்து புதிதாக மாற்றலாகி வந்தவள். கேள்வி கேட்பாள், பதிலைச் சொன்னபடி எழுதுவாள், தன்னுடைய கற்பனையை ஒரு சொட்டும் கலக்க மாட்டாள். மையத்தில் அவளுக்கு நல்ல பெயர்.

அவள் வந்த காலையில் தெருவே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. தறியில் ஏற்றுவதற்கு முன்னால் பாவு என்கிற பட்டு நெடுக்கிழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிக் கஞ்சி பூசிக் காயவைப்பார்கள். அந்த உலர்ச்சிக்கு நெசவாளர் வாயில் பெயர் காய்ச்சல். மழை விடாமல் பெய்து, எல்லார் பாவும் ஈரமாகக் கிடந்தது. லேசாக வெளிச்சம் தெரிந்ததும் கைலாசமும் பக்கத்துத் தறிக்காரர் துரைக்கண்ணுவும் பாவை வெளியே கொண்டுவந்து நீட்டியிருந்தார்கள். நீட்டிய உடனே மேகம் மூடிக்கொண்டது. பொன்னியம்மாள் வீட்டிலும் எதிர்வீட்டிலும் ஆட்கள் போர்வைக்குள் முனகிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் வீட்டுக் கதவைத் தீபிகா தட்டினாள்தான். எழுந்து வந்து திறக்க யாருக்கும் தெம்பில்லை. வீட்டில் ஆள் இல்லை என்று எழுதிக்கொண்டாள். நடமாடுகிறவர்களிடம்தானே கேட்க முடியும். ரெயின்கோட்டோடு கைலாசத்தின் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"தெருவுல காய்ச்சல் எப்படிங்க இருக்கு?"

கைலாசம் திரும்பவில்லை. ஒரு கை பாவின்மேல், கண் மேகத்தின்மேல். "காய்ச்சல் எங்கமா இருக்குது? ஒண்ணும் பத்தல."

"பத்தலன்னா?"

"போதலமா. கை வெச்சுப் பாரு, ஜில்லுனு இருக்குது. இந்தக் காய்ச்சல வெச்சுக்கினு இன்னா பண்ணமுடியும்?"

"எல்லார் வீட்லயும் அப்படித்தானா?"

"தெரு முச்சூடும் அதே கதிதான்" என்றார் துரைக்கண்ணு, மறுமுனையிலிருந்து. "சுள்ளுனு ஒரு வெயில் அடிச்சா காய்ச்சல் நல்லா ஏறும். அதுக்குத்தான் எல்லாரும் ஏங்கிக்கினு கிடக்கறோம். காய்ச்சல் வரலன்னா தீவாளிக்கு எங்க பொழப்பு நாறிடும்மா."

தீபிகா அத்தனையையும் எழுதிக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டுப் போனாள். அன்றைக்குச் சாயங்காலம் அம்சவேணி கேட்டபோது, "கணக்கெடுக்க இன்னும் யாரும் வர்லியே" என்றார் கைலாசம்.

அந்த வாரக் கடைசியில் தெருமுனையில் பேனர் கட்டினார்கள். 'காய்ச்சலற்ற முன்மாதிரித் தெரு. காய்ச்சலுக்கு ஏங்கும் மக்கள். விருது வழங்கும் விழா.' கைலாசம் அதை எழுத்துக் கூட்டி இரண்டாம் தரம் படித்தபோதுதான் முதுகுக்குப் பின்னால் கேள்வி கேட்ட குரல் நினைவுக்கு வந்தது. மேடை போடுவதை மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்த கலையரசியிடம் ஓடினார். தெருவில் சமதளம் வேறு இல்லாததால், மேடையைக் கால்வாயின்மேல் பலகை அடுக்கிப் போட்டிருந்தார்கள்.

"மேடம், நான் சொன்னது அந்தக் காய்ச்சல் இல்ல. பாவுக் காய்ச்சல் மேடம்."

"பாவுக் காய்ச்சலா?" கலையரசி விமல்ராஜைக் கூப்பிட்டார். "சார், புதுசா ஏதோ சொல்றார்."

விமல்ராஜின் முகத்தில் ஒளி வந்தது. "எந்த ஊர்லேருந்து வந்தது?"

"பட்டு பெங்களூர்லேருந்து வரும் சார். ஜரிகை சூரத்து."

"மாநிலம் தாண்டியிருக்கு" என்றார் விமல்ராஜ். "கடல் தாண்டியிருக்கா?"

"சேலை போவும் சார். சிங்கப்பூர், மலேசியா..."

விமல்ராஜ் வியர்த்த கையைத் துடைத்துக்கொண்டார். அதற்குள் இயக்குநரின் கார் வந்துவிட்டது. எந்தக் காய்ச்சலாக இருந்தாலும் விழாவுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று கைலாசத்தை முதல் வரிசையில் உட்காரவைத்தார்கள். விருதைத் தெருவின் சார்பில் அவர்தான் வாங்க வேண்டும். நடமாடக்கூடிய நிலையில் இருந்த வயதானவர் அவர் ஒருவர்தான். கூட்டத்தில் பாதிப்பேர் போர்வையோடு வந்திருந்தார்கள். கைதட்டல் போர்வைக்குள்ளேயே முடிந்துவிட்டது. தெருவின் அடக்கம் அதிகாரிகளுக்குப் பிடித்திருந்தது.

டாக்டர் பூவராகவன் மைக்கைப் பிடித்தார்.

"பெரியோர்களே, இந்த மையத்தைத் தொடங்கியபோது எங்களிடம் மூன்று பெயர்கள் இருந்தன. இன்றைக்கும் மூன்று இருக்கின்றன. ஒன்றைக்கூட நாங்கள் இழக்கவில்லை. நோயாளிகள் வருவார்கள், போவார்கள். வகைப்பாடு நிற்கும். மக்கள் எங்களிடம் வெறும் காய்ச்சலோடு வருகிறார்கள். போகும்போது ஒரு வகையோடு போகிறார்கள்." கழுத்தில் ஒரு அடி அடித்துக்கொண்டு தொடர்ந்தார். "ஒரு நோய் ஒவ்வொரு வருஷமும் தவறாமல் ஓர் ஊருக்கு வருகிறது என்றால், அந்த ஊர் நிர்வாகத்தின்மேல் அதற்கு நம்பிக்கை இருக்கிறது என்று பொருள். அப்படிப்பட்ட தெருவில் இந்த வருஷம் காய்ச்சலே போதவில்லை என்று மக்கள் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார்கள். எப்படி நடந்தது இது? எங்களுக்குத் தெரியாது. தெரியாமல் நடப்பதுதான் சாதனை." காதோரம் இன்னொரு அடி. "இந்தக் கால்வாயும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆகவே இது இன்றுமுதல் ஆய்வுக்குரிய கால்வாய். யாரும் இதை அள்ளவோ மூடவோ கூடாது."

கேடயத்தைக் கைலாசத்தின் கையில் கொடுத்துப் போட்டோ எடுத்தார்கள். போட்டோவில் இயக்குநர் சிரிக்கிறார், கைலாசம் பக்கவாட்டில் பார்க்கிறார். பக்கவாட்டில் அம்சவேணி நின்றுகொண்டிருந்தாள்.

"ஒடம்பு கொதிக்குதுங்க. எழுப்புனா கண்ணத் தொறக்கமாட்டேன்றா."

கேடயத்தைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் கைலாசம் ஆட்டோ பிடித்தார். மகள் அவர் தோளில் சாய்ந்து, "நைனா, குளிருது நைனா" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். சின்ன வயதில் தேர் பார்க்கத் தோளில் தூக்கிக்கொண்டு போன பெண். மையத்தின் பின்பக்கத்தில் பூட்டிக்கிடந்த வார்டும் கொசுவலையும்தான் அவர் மனசில் இருந்தன.

எல்லோரும் விழாவுக்குப் போய்விட்டதால் மையத்தில் வரதராஜன் மட்டும் இருந்தார். மப்ளர் இப்போது தலையையும் சுற்றியிருந்தது.

"எந்தத் தெரு?" என்று வழக்கம்போல் ஆரம்பித்தவர் கேடயத்தைப் பார்த்துவிட்டார். "ஐயையோ. விருது வாங்கின தெருவுலேருந்து காய்ச்சல் வந்தா விருது பொய்னு ஆயிடும். விருது பொய்னா டைரக்டர் சொன்னது பொய். அதுக்கு எந்த மாடியிலயும் இடமில்லையே."

"சார், வயித்துல புள்ள இருக்குது சார்."

வரதராஜன் துர்காவைப் பார்த்தார். அவர் பல்லும் குளிரில் தந்தியடித்தது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் தணிந்த குரலில் கேட்டார். "மாப்பிள்ளை ஊர் எது?"

"மாகறல்."

"மாகறல்ல காய்ச்சலே கிடையாது. எதிர்பார்ப்பு சைபர். அங்க ஒண்ணு வந்தாலே அதிகம்தான். கூட்டிட்டுப் போங்க."

"எனக்குப் புரியல சார்."

"புரிய வேணாம். போங்க."

அதே ஆட்டோ மாகறலுக்குப் போயிற்று. மருமகன் லோகேஷ் பாதி வழியில் பைக்கில் வந்து சேர்ந்துகொண்டான். ஊர் நர்ஸ் ரத்தம் எடுத்துப் பார்த்து, டெங்கு என்று மையத்துக்குப் போன் செய்தாள். லோகேஷின் அம்மா கஞ்சியை அடுப்பிலிருந்து இறக்குவதற்குள் தெருமுனையில் சைரன் கேட்டது.

கலையரசி பூட்ஸ் காலோடு முதலில் குதித்தார். பின்னாலேயே வண்டிகள், ஆட்கள், புகை. ஒரு காய்ச்சலும் வராத ஊரில் ஒரு காய்ச்சல். கொள்ளைநோய் என்று அங்கேயே மைக்கில் அறிவித்தார்கள். மாகறலில் அன்றைக்குக் கொசுவைவிடப் புகை அதிகமாக இருந்தது. கட்டியிருந்த மாடுகள் கூட இருமின. துர்காவை ஸ்ட்ரெச்சரில் ஏற்றி, சைரன் அலற, மறுபடி காஞ்சிபுரத்துக்கே கொண்டுவந்தார்கள். வண்டி கைலாசத்தின் தெருமுனையில் பேனரைத் தாண்டித்தான் போயிற்று. பூட்டியிருந்த வார்டைத் திறந்தார்கள். வெளியிலிருந்து டாக்டர்களை வரவழைத்தார்கள். இதே மையத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவள் இப்போது வெள்ளை விரிப்பில், கொசுவலைக்குள், கையில் குளுக்கோஸ் ஏற படுத்திருந்தாள். உடம்பும் அதே உடம்பு, காய்ச்சலும் அதே காய்ச்சல்.

பிழைத்துக்கொண்டாள். குழந்தையின் துடிப்பு நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சொன்னபோது கைலாசம் துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். அழுது முடித்தபின் கலையரசியைத் தேடிப்போய்க் கும்பிட்டார்.

"அப்படியே எங்க தெருவுலயும் கொஞ்சம் பொகை போட்டுடுங்க மேடம்."

"இது மாகறல் கொள்ளைநோய்."

"கடிச்சது எங்க தெருக் கொசு மேடம்."

"கொசுவோட முகவரி நமக்கு முக்கியமில்ல. நோயாளியோட முகவரிதான் முக்கியம்" என்றார் கலையரசி. நிஜமாகவே விளக்குகிற குரலில்தான் சொன்னார்.

கைலாசத்துக்குப் புரியாவிட்டாலும் தெருவுக்குப் புரிந்துவிட்டது. துர்கா வீடு திரும்புவதற்குள் பொன்னியம்மாள் போர்வையோடு வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "எனக்கு மாகறல்ல யாரும் இல்லியேபா. கூரத்துல ஒரு நாத்தனா இருக்குது, பேசி ரொம்ப வருசமாவுது. கூரம் செல்லுமா?"

கூரம் செல்லுபடியாயிற்று. எதிர்பார்ப்பு அங்கேயும் சைபர்தான். துரைக்கண்ணு, பாகப்பிரிவினையில் அடித்துக்கொண்டு பிரிந்த அண்ணன் வீட்டுக்கு, நடுங்கிக்கொண்டே பூ பழத்தோடு போய் இறங்கினார். அண்ணன் மனமிளகிக் கட்டிப்பிடித்து அழுதார். அதற்கடுத்த வாரம் அண்ணனுக்கும் காய்ச்சல். கிராமத்துக்குப் போகிற பஸ்களில் போர்வைக் கூட்டம் ஏறியது. கண்டக்டர், "காய்ச்சல் எல்லாம் பின்னாடி போங்க, காய்ச்சல் எல்லாம் பின்னாடி" என்று கூவியே பழகிப்போனார். முதல் மாடி சைரனுக்கு ஓய்வே இல்லை. கலையரசிக்குப் பதவி உயர்வு வந்தது. 'இதுவரை கொள்ளைநோயே காணாத கிராமங்களில் எங்கள் விழிப்பால் கொள்ளைநோயைக் கண்டுபிடித்தோம்' என்று பூவராகவன் பேட்டி கொடுத்தார். பேட்டி கொடுக்கையில் சால்வை போர்த்தியிருந்தார். அது மரியாதைக்குப் போர்த்திய சால்வை இல்லை.

தை மாதம் துர்காவுக்கு ஆண் குழந்தை பிறந்தது. குமரகுரு என்று பெயர் வைத்தார்கள். குழந்தை குப்புற விழுந்து, தவழ்ந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிற சமயத்தில் மறுபடி ஐப்பசி வந்தது. தீபாவளிக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு துர்கா பிறந்த வீட்டுக்கு வந்தாள். கால்வாய் இன்னும் ஆய்வில் இருந்தது. கேடயத்தை அம்சவேணி கஞ்சிப் பானைக்கு மூடியாக வைத்திருந்தாள். மழைவிட்ட ஒரு காலை நேரத்தில் குழந்தை பால் குடிக்க மறுத்துச் சிணுங்கியது. நெற்றியைத் தொட்ட கைலாசத்தின் கை அப்படியே நின்றுவிட்டது. பாவைத் தொட்டுக் காய்ச்சல் சொல்கிற கைதான். அதற்கு இந்தக் காய்ச்சலும் தெரிந்தது.

நேரே மையத்துக்கு ஓடினார். இப்போது நெளிவுசுளிவு தெரிந்த ஆள் அவர். வரதராஜனிடம் போய் மூச்சிரைக்கக் கேட்டார்.

"சார், பேரப்பிள்ளைக்குச் சுடுது. மாகறல் போயிடட்டுமா?"

வரதராஜன் தலையை ஆட்டினார். "மாகறல் இப்ப என்கிட்ட வந்துடுச்சு. போன வருஷம்தான் அங்க நிறைய வந்துட்டுதே. இனிமே எதிர்பார்த்ததுதான். வட்டாரம்."

"கூரம்?"

"கூரமும் கீழ இறங்கிடுச்சு. எல்லாரும் போய் எல்லா ஊரையும் தீர்த்துட்டீங்க. செய்யாறு போச்சு, அரக்கோணம் போச்சு. இந்தப் பக்கத்துல சைபர் ஊரே இல்லைங்க." அவர் மேலே விட்டத்தைப் பார்த்தார். மாடியில் கனமான எதையோ நகர்த்துகிற சத்தம் கேட்டது. "மெஷினோட உறையைப் பிரிச்சுட்டார் விமல்ராஜ். ஆனா இன்னும் நாடு தாண்டலையாம். ஒரே ஒரு ஆள் வெளியில போய் இறங்கினா போதும்னு காலையிலேருந்து மேப்பையே பார்த்துட்டு இருக்கார்."

கைலாசம் வீட்டுக்குத் திரும்பி வந்தார். துர்கா குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு, ஈரத்துணியால் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அழுது ஓய்ந்த குழந்தை கண்ணைப் பாதி மூடிக்கிடந்தது. வாசலில் அம்சவேணி சேலையை முட்டிக்கு மேல் ஏற்றிச் செருகி, மம்பட்டியோடு கால்வாயில் இறங்கியிருந்தாள். அவரைப் பார்த்ததும் நிமிர்ந்தாள்.

"இன்னா சொன்னாங்க?"

கைலாசம் அவளையும் பார்க்கவில்லை, கால்வாயையும் பார்க்கவில்லை. எதையோ தீவிரமாக ஞாபகப்படுத்திக்கொள்கிற முகத்தோடு கேட்டார்.

"அம்சா, நம்ம சொந்தத்துல வெளிநாட்டுல யாருனா இருக்காங்களா?"